பொதுக்கல்விப் பாடங்கள் யார் பொறுப்பில் இருக்கலாம்: துறைகளா, தனிக் குழுவா, தனிக் கல்லூரியா, மேலிடமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டம் வாங்க வழக்கமாக 120 கிரெடிட் (பாட நேரத்தை வைத்துக் கணக்கிடும் புள்ளி) வேண்டும். அதில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ பொதுக்கல்விக்குப் போகிறது. இயற்பியலை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுத்த மாணவி வரலாறு படிக்கிறார், கணக்கியல் மாணவர் உயிரியல் படிக்கிறார், எல்லோரும் எழுத்துப் பயிற்சி வகுப்பில் உட்காருகிறார்கள். மேஜர் என்பது மாணவர் தானே விரும்பி எடுத்தது. பொதுக்கல்வி நாம் எடுக்கச் சொல்வது. அவர்கள் வாழ்க்கையில் ஒரு வருடத்தையும் அதற்கான கட்டணத்தையும் நாம் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். ஆகவே "இதை நான் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று ஒரு மாணவர் கேட்டால், எழுந்து நின்று பதில் சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும்.

நான் இருந்த ஒரு பாடத்திட்டக் கமிட்டி, மாணவர்களின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைத்தது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் இதே கேள்வியைக் கேட்டார். அவர் எடுத்திருந்த ஐந்து பொதுக்கல்விப் பாடங்களில் நான்கில், முதல் மூன்று வாரங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தனவாம்: ஆதாரம் என்றால் என்ன, கட்டுரையைத் தொடங்குவது எப்படி. ஒரு பாடத்தை நடத்துகிறவருக்கு அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. முன்வரிசையில் நான்கு துறைத் தலைவர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் தன் துறைப் பாடத்துக்கு நல்ல பதில் இருந்தது. மொத்தத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல அந்த அறையில் ஒருவரும் இல்லை. நானும்தான். அன்றிலிருந்து எந்த நிர்வாக ஏற்பாட்டையும் அந்த மாணவியின் கேள்வியை வைத்தே அளக்கிறேன்.

பொதுக்கல்வியைத் திருத்தப் போகிறோம் என்றதும் பேச்சு உடனே பட்டியலுக்குப் போய்விடும். அறிவியல் ஒன்றா இரண்டா, அயல்மொழி கட்டாயமா, புள்ளியியலைக் கணிதப் பாடமாகச் சேர்க்கலாமா என்று மாதக்கணக்கில் ஓடும். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, இதையெல்லாம் யார் தீர்மானிப்பது, தீர்மானித்த பிறகு யார் காப்பாற்றுவது என்பது. நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. துறைகள் தங்கள் பாடங்களைக் கொடுத்து, செனட்டின் (பல்கலைக்கழக ஆசிரியர்களின் பிரதிநிதி மன்றம்) கமிட்டி அவற்றை ஒவ்வொன்றாக ஏற்பது. செனட்டுக்குக் கீழே பொதுக்கல்விக்கென்றே ஓர் ஆசிரியர் குழு வைப்பது. பொதுக்கல்வியைத் தனிக் கல்லூரியாகவோ தனிப் பிரிவாகவோ பிரித்து, அதற்கென ஆசிரியர்களை நியமிப்பது. கடைசியாக, ஆட்சிக் குழுவோ மாநில அரசோ மேலிருந்து தீர்மானிப்பது.

ஐந்தாவதாக ஒன்றைச் சிலர் சொல்வார்கள்: கட்டாயத்தையே எடுத்துவிடலாம். பிரவுன் பல்கலைக்கழகம் 1969இல் மாணவர்களின் முயற்சியால் அப்படித்தான் செய்தது, இன்றும் அப்படியே நடத்துகிறது. நன்கு தயாராகி வரும் மாணவர்களும், ஆலோசனை சொல்ல நேரம் உள்ள ஆசிரியர்களும் இருக்கும் இடத்தில் அது நடக்கும். ஓர் ஆலோசகருக்குப் பல நூறு மாணவர்கள் என்று இருக்கும் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் அதே சுதந்திரம் மாணவரைத் தனியே விட்டுவிடுவதாக ஆகிவிடும். எனவே அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ஒப்பிடுவதற்கு முன் ஓர் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டம் ஆசிரியர்களின் பொறுப்பு என்பது ஆசிரியர்கள் தாங்களாகச் சூட்டிக்கொண்ட மகுடம் அல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமும், அமெரிக்கக் கல்விக் கவுன்சிலும், ஆட்சிக் குழுக்களின் சங்கமும் சேர்ந்து உருவாக்கிய 1966ஆம் ஆண்டு அறிக்கை, பாடத்திட்டம், பாடப்பொருள், கற்பிக்கும் முறை ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுக்கே என்றது. அதை உருவாக்கியவர்களில் நிர்வாகத் தரப்பும் ஆட்சிக் குழுத் தரப்பும் இருந்தன என்பது முக்கியம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கதை இன்னும் பழையது. 1919, 1920இல் பெர்க்லி ஆசிரியர்கள் கிளர்ந்தெழுந்ததற்குப் பிறகுதான் பாடங்கள் மீதான அதிகாரம் அங்கே கல்வி செனட்டின் கைக்கு உறுதியாக வந்தது. தென் மாநிலக் கல்லூரிகளுக்கு அக்ரெடிடேஷன், அதாவது தர அங்கீகாரம், தரும் அமைப்பின் விதிகளிலும் இரண்டு விஷயங்கள் உண்டு: இளநிலைப் பட்டத்தில் குறைந்தது 30 கிரெடிட் பொதுக்கல்வி வேண்டும், பாடத்திட்டத்தின் உள்ளடக்கத்துக்கும் தரத்துக்கும் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களிடம் இருக்க வேண்டும்.

இந்த அதிகாரம் வெறும் ஏட்டளவில் இல்லை என்பதற்கு ஒரு வினோதமான சாட்சி இருக்கிறது. 1980இல் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், என்ன பாடம் நடத்துவது, யாருக்கு நடத்துவது, எப்படி மதிப்பெண் போடுவது என்பதையெல்லாம் அங்குள்ள முழுநேர ஆசிரியர்களே முடிவு செய்கிறார்கள், ஆகவே அவர்கள் நிர்வாகிகளுக்குச் சமம் என்று சொல்லி, தொழிற்சங்கமாகப் பேரம் பேசும் சட்டப் பாதுகாப்பை மறுத்தது. 5க்கு 4 என்ற கணக்கில் வந்த தீர்ப்பு. தனியார் பல்கலைக்கழக ஆசிரியர்கள் பாடத்திட்ட அதிகாரத்துக்காக ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றை அக்கறையில்லாமல் வைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, முதல் வழி.

பெரும்பாலான இடங்களில் இப்போது இருப்பது இதுதான். மனிதவியல், சமூக அறிவியல், இயற்கை அறிவியல் என்று பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் துறைகள் கொடுத்த பாடங்கள். மாணவர் பெட்டிக்கு இரண்டு எடுக்க வேண்டும். இதன் வேர் ஹார்வர்டில் இருக்கிறது. 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்ல்ஸ் எலியட், எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று மாணவர்களைத் திறந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவல், ஒரு துறையில் ஆழமும் பல துறைகளில் பரவலும் வேண்டும் என்று அதைக் கட்டினார். அந்தப் பரவல்தான் இன்றைய பெட்டிகள்.

இதன் பலம் உண்மையானது. வேதியியல் பாடம் நன்றாக இருக்கிறதா என்று சொல்லத் தகுதி உள்ளவர்கள் வேதியியல் ஆசிரியர்கள். புதிய பதவி எதுவும் தேவையில்லை, தனியாகப் பணமும் வேண்டாம். துறையின் தன்மானத்தில் யாரும் கை வைப்பதில்லை, ஆகவே சண்டை குறைவு. மாணவருக்கும் தேர்வு நிறைய.

குறை எங்கே என்றால், பாடம் பெட்டிக்குள் நுழையும் வாசல் அகலமாக இருக்கிறது, வெளியே போகும் வாசல் இல்லை. ஒரு துறை தன் பாடத்தைப் பொதுக்கல்வியில் சேர்க்கச் சொல்லிப் படிவம் அனுப்புகிறது. கமிட்டியில் உள்ள வேறு துறைக்காரருக்கு அதை மறுக்க எந்தக் காரணமும் இல்லை. அடுத்த மாதம் அவருடைய துறைப் படிவமும் இதே மேசைக்கு வரும். யாரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. ஒருவர் முகத்துக்கு நேரே "உங்கள் பாடம் போதாது" என்று சொல்வது சக ஆசிரியர்களுக்குள் கடினம், அவ்வளவுதான். பத்து வருடம் இப்படிப் போனால் பட்டியல் நூற்றுக்கணக்கில் வீங்கிவிடும். மாணவர் அதில் நேரம் எது பொருந்துகிறது, மதிப்பெண் எங்கே எளிது என்று பார்த்து எடுப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பட்டியலிலிருந்து வேறு எதைத்தான் அவர் படித்தறிய முடியும்?

இதற்கு அடியில் பணம் இருக்கிறது, அதைப் பேசாமல் இந்த வழியைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. பல பல்கலைக்கழகங்களில் ஒரு துறைக்கோ கல்லூரிக்கோ வரும் பணம், அது எத்தனை மாணவர்களுக்கு எத்தனை கிரெடிட் கற்பிக்கிறது என்பதோடு கட்டப்பட்டிருக்கிறது. பணம் நேரடியாகக் கட்டப்படாத இடங்களிலும், புதிய ஆசிரியர் பணியிடம் கேட்கும்போது டீன் முதலில் பார்ப்பது மாணவர் எண்ணிக்கையைத்தான். மேஜர் மாணவர்கள் குறைந்துபோன தத்துவத் துறையோ ஜெர்மன் துறையோ பிழைத்திருப்பது பொதுக்கல்வி வகுப்புகளால். அப்போது ஒரு பாடம் பட்டியலில் இருக்க வேண்டுமா என்ற கேள்வி, ஒருவருடைய வேலை இருக்க வேண்டுமா என்ற கேள்வியாகிவிடுகிறது. தன் துறை நண்பரின் வேலையைக் காப்பாற்ற ஒருவர் கை தூக்கினால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அச்சம் இருக்கும் கூட்டத்தில் பாடத்தைப் பற்றிய நேர்மையான பேச்சு நடக்காது. அந்த மாணவியின் கேள்விக்கு இந்த வழியில் பதில் சொல்ல யாருமில்லை என்று சொன்னேனே, காரணம் இதுதான்: மொத்தத்தைப் பார்ப்பது யாருடைய வேலையும் அல்ல, அதைப் பார்த்தால் நஷ்டப்படக்கூடியவர்கள் எல்லோரும்.

மூன்றாவது வழியை இப்போதே பார்த்துவிடலாம், ஏனென்றால் அது முதல் வழிக்கு நேர் எதிர்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹட்சின்ஸ் தலைவராக இருந்த காலத்தில் நடந்தது இதன் மிகத் துணிச்சலான வடிவம். 1931இல் தொடங்கிய புதிய திட்டத்தில் இளநிலைக் கல்லூரி பொதுக்கல்வியைத் தன் பொறுப்பில் எடுத்தது. பாடம் நடத்துகிறவரிடமிருந்து தேர்வைப் பிரித்து, விரிவான தேர்வுகளைத் தனி வாரியம் நடத்தியது. பின்னர் கல்லூரிக்கென்றே ஆசிரியர்கள் வந்தார்கள். பல துறைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பாடத்தை உருவாக்கினார்கள். ஏன் இதைப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்ல ஆள் இருந்தது மட்டுமல்ல, அதைப் பற்றி ஓயாமல் வாதிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் ஹட்சின்ஸ் 1951இல் போனபின் அந்தத் தனித்தன்மை நிலைக்கவில்லை. துறைகள் இளநிலைப் பட்டத்தில் மீண்டும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன.

சமீப உதாரணம் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். 1994இல் பழைய பெட்டி முறையை விட்டுவிட்டு, முதலாண்டு முழுவதும் ஒரே கருப்பொருளில் பல துறைகளைக் கலந்து படிக்கும் வகுப்புகளோடு தனித் திட்டம் கொண்டுவந்தது. கடைசி ஆண்டில் சமூகத்தோடு சேர்ந்து வேலை செய்யும் பாடமும் உண்டு. ஓர் அரசுப் பல்கலைக்கழகம், அதுவும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் நிறைந்தது, இதைச் செய்தது என்பது எனக்கு இன்றும் நம்பிக்கை தருகிறது.

இந்த வழியின் ஆபத்து, இரண்டு வகை ஆசிரியர்கள் உருவாவது. ஆராய்ச்சி செய்து முனைவர் மாணவர்களை வளர்ப்பவர்கள் துறையில். பொதுக்கல்வி நடத்துபவர்கள் தனியே, பெரும்பாலும் டென்யூர் என்னும் நிரந்தரப் பணிப் பாதுகாப்பு இல்லாமல், கூடுதல் வகுப்புச் சுமையோடு. பட்ஜெட் வெட்டு வரும்போது முதலில் கண்ணில் படுவது தனியாக நிற்கும் பிரிவு. துறைகளுக்கு அதில் பங்கு இல்லாததால் காப்பாற்ற வருகிறவர்களும் குறைவு. ஒரு தலைவரின் உற்சாகத்தில் பிறந்த ஏற்பாடு அடுத்த தலைவர் வரும்வரை மட்டும் உயிரோடு இருக்கும். இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதல் நாளே நிரந்தரப் பணியிடங்களை எழுத்தில் வாங்கவில்லையென்றால் தொடங்காமல் இருப்பதே மேல் என்பேன்.

நான்காவது வழி பற்றி ஆசிரியர்கள் கோபமாகத்தான் பேசுவோம். கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு 2011இல் பாத்வேஸ் என்ற திட்டத்தை நிறைவேற்றியது. 2013 இலையுதிர்காலத்தில் நடைமுறைக்கு வந்தது. எல்லாக் கல்லூரிகளுக்கும் 30 கிரெடிட் பொதுப் பாடங்கள், நான்காண்டுக் கல்லூரிகளுக்கு அதற்கு மேல் கொஞ்சம். ஆசிரியர் சங்கமும் பல்கலைக்கழக ஆசிரியர் செனட்டும் வழக்குப் போட்டன, சங்கத்தின் வாக்கெடுப்பில் மிகப் பெரும்பான்மையானவர்கள் நம்பிக்கையில்லை என்றார்கள். பாடங்களை மூன்று கிரெடிட்டுக்குள் அடக்கச் சொன்னதால் ஆய்வக நேரமும் எழுத்து வகுப்பு நேரமும் குறையும் என்பது பெரிய எதிர்ப்பு. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் பாத்வேஸ் பிறந்த காரணத்திலும் நியாயம் இருந்தது. கம்யூனிட்டி காலேஜ் என்னும் இரண்டாண்டுக் கல்லூரியில் படித்துவிட்டு நான்காண்டுக் கல்லூரிக்கு வரும் மாணவர், தான் படித்தது இங்கே செல்லாது என்று கேள்விப்பட்டு, மறுபடி காசு கட்டி அதே மாதிரிப் பாடத்தை எடுக்கிறார். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் ஏற்கனவே எடுத்த கிரெடிட்டில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்தார்கள். 43 சதவீதம்! "எங்கள் பாடத்துக்கு அது ஈடாகாது" என்று ஒவ்வொரு துறையும் தனித்தனியே தரம் காத்ததன் கூட்டுத்தொகையும் அதற்குள் இருக்கிறது. ஆசிரியர்கள் தீர்க்காமல் விட்ட பிரச்சினையை வேறொருவர் தீர்க்க வந்தால், அவர் நம்மைக் கேட்டுச் செய்யமாட்டார்.

கலிஃபோர்னியாவில் 2021இல் ஏபி 928 என்ற சட்டம், கல்லூரி மாறுவோருக்கு இரு பெரிய அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் பொருந்தும் ஒரே பொதுக்கல்விப் பட்டியல் வேண்டும் என்றது. பட்டியலை வரைந்தது அந்த இரண்டும் கம்யூனிட்டி காலேஜ் அமைப்பும் ஆகிய மூன்றின் கல்வி செனட்டுகள் சேர்ந்துதான். கட்டளை மேலிருந்து, உள்ளடக்கம் ஆசிரியர்களிடமிருந்து. மனநிறைவோடு ஏற்றுக்கொண்டவர்கள் குறைவு என்றாலும் இது தாங்கக்கூடிய வடிவம் என்றே நினைக்கிறேன்.

தாங்க முடியாதது அடுத்த படி. 2024 ஜனவரியில் ஃபுளோரிடாவின் மாநிலப் பல்கலைக்கழக ஆட்சிக் குழு, சமூகவியல் அறிமுகப் பாடத்தைப் பொதுக்கல்வி மையப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025இல் டெக்சாஸ் நிறைவேற்றிய எஸ்பி 37 சட்டம், ஆசிரியர் செனட்டுகளை ஆலோசனை அமைப்புகளாகக் குறைத்து, பொதுக்கல்விப் பாடங்களை மறுபரிசீலனை செய்யும் வேலையை ஆட்சிக் குழுக்களிடம் கொடுத்தது. கிரெடிட் செல்லுமா என்ற கேள்வி இங்கே இல்லை. எந்த அறிவு மாணவர் கண்ணில் படலாம் என்பதுதான் கேள்வி. அதை அந்தத் துறையில் ஒரு வகுப்பும் நடத்தாதவர்கள் முடிவு செய்வது தவறு. எந்தக் கட்சி அந்த மாநிலத்தை ஆண்டாலும் அப்படியே சொல்வேன். ஒரு சட்டமன்றம் ஒரு பாடத்தைக் கட்டாயமாக்கும்போதும், அந்தப் பாடம் எனக்குப் பிடித்ததாக இருந்தாலும், அதே தயக்கம் எனக்கு உண்டு.

அந்த மாணவியின் கேள்விக்கு மேலிட வழியில் ஒரு பதில் கிடைக்கும்: "விதி அப்படி." பதில் சொல்லும் நபர் வகுப்பறையில் இல்லை.

ஆகவே இரண்டாவது வழி. செனட்டுக்குக் கீழே, பொதுக்கல்விக்கென்றே ஒரு ஆசிரியர் குழு. இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் பெயரளவில் இப்படி ஒரு குழு ஏற்கனவே பல இடங்களில் இருக்கிறது, அது வேலை செய்யவில்லை. ஏன் என்று பார்க்காமல் புதிதாக இன்னொன்று வைத்துப் பயனில்லை.

ஹார்வர்டின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். 1978இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மையப் பாடத்திட்டத்தில், துறைப் பாடங்களைச் சேர்க்காமல் அதற்கென்றே உருவாக்கிய பாடங்களை ஒரு கமிட்டி ஏற்றது. மிகக் குறுகலாக இருக்கிறது என்று எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். 2007இல் அதற்குப் பதிலாகப் புதிய பொதுக்கல்வித் திட்டத்துக்கு ஆசிரியர்கள் வாக்களித்தார்கள். வாசலைக் கொஞ்சம் திறந்ததும் துறைப் பாடங்கள் வெள்ளமாக வந்தன. 2015இல் அதை ஆராய்ந்த குழு, இதற்குத் தலை பொதுக்கல்வியாகவும் உடல் பழைய பெட்டி முறையாகவும் இருக்கிறது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. மறுபடி திருத்தி, 2019இல் நான்கு பிரிவுகளோடு தொடங்கினார்கள். அவ்வளவு பணமும் ஆசிரியர்களும் இருக்கும் இடத்திலேயே, ஒரு குழுவைத் துறைகள் தங்கள் பக்கம் இழுத்துவிடுகின்றன. குழு வைத்தால் மட்டும் போதாது. இழுப்பைத் தாங்கும் பலத்தை அதற்குக் கொடுக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை அந்தப் பலம் மூன்று இடங்களிலிருந்து வரும். முதலாவது, நீக்கும் அதிகாரம். ஒரு பாடத்துக்குக் கொடுக்கும் ஒப்புதல் ஐந்து வருடத்துக்கு மட்டும். அதன் பின் தானாகக் காலாவதி. தொடர வேண்டுமென்றால் துறை மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இதன் அருமை, யாரும் யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. அக்கறை இல்லாத பாடங்கள் விண்ணப்பம் வராமலேயே விழுந்துவிடும். அக்கறை உள்ள துறை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தன் பாடத்தைத் தானே திரும்பிப் பார்க்கும்.

இரண்டாவது, பணத்தை அச்சத்திலிருந்து பிரிப்பது. பொதுக்கல்வி இடங்களில் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையை ஒரு துறைக்குச் சில வருடங்களுக்கு, கல்விப் பணிகளையும் அதற்கான பணத்தையும் பார்க்கும் தலைமை நிர்வாகியான ப்ரொவோஸ்ட் உறுதி செய்து கொடுத்துவிட வேண்டும். ஒரு பாடம் பட்டியலில் இருந்து விழுந்தாலும், அந்த இடங்களை வேறு பாடத்தின் மூலம் நிரப்ப அதே துறைக்கு அவகாசம் வேண்டும். இது இல்லாமல் நீக்கும் அதிகாரம் கொடுத்தால் குழுவில் யாரும் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். பயன்படுத்தினால் வேலை போவது பக்கத்து அறைக்காரருக்கு. நிர்வாகம் இங்கே உண்மையான பங்காளியாக வர வேண்டும். ஆசிரியர் ஆளுகை என்றால் ப்ரொவோஸ்டைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது என்று சிலர் நினைக்கிறார்கள். பாடம் ஆசிரியர்களுடையது. பணம் அவருடைய கையில் இருக்கிறது. இரண்டும் ஒரே மேசைக்கு வராவிட்டால் இந்த ஏற்பாடு நிற்காது.

மூன்றாவது, பாடம் நடத்துகிறவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1919இல் தொடங்கிய சமகால நாகரிகப் பாடமும், 1937இல் வந்த இலக்கியப் பாடமும் இன்றுவரை நடக்கின்றன. இருபத்துச் சொச்சம் மாணவர்கள் கொண்ட சிறு வகுப்புகள். வெவ்வேறு துறைகளிலிருந்து வரும் ஆசிரியர்கள். ஒரே வாசிப்புப் பட்டியல். நடத்துகிறவர்கள் வாரந்தோறும் கூடிப் பேசுவது. அந்தப் பட்டியலில் எது இருக்கலாம் என்று நூறு வருடமாகச் சண்டை நடக்கிறது, நடக்கட்டும். என்னைக் கவர்வது அந்த வாராந்தரக் கூட்டம். பெரிய பல்கலைக்கழகத்தில் அப்படியே செய்ய முடியாது. மாதம் ஒருமுறை, ஒரே பிரிவில் பாடம் நடத்துபவர்கள் தங்கள் சிலபஸைக் கொண்டுவந்து மேசையில் போட்டு ஒரு மணி நேரம் பேசினால் போதும். அந்த மாணவி சொன்ன, நான்கு வகுப்புகளிலும் ஒரே மூன்று வாரம் என்ற நிலை ஒரே கூட்டத்தில் வெளியே வந்துவிடும்.

இந்த வழியிலும் ஒரு குழி இருக்கிறது, அதில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குழு அமைந்ததும் அக்ரெடிடேஷன் வேலையெல்லாம் அதன் தலையில் வந்து விழும். கற்றல் விளைவு, அளவுகோல், அட்டவணை என்று ஆரம்பித்து, இரண்டே வருடத்தில் குழு படிவம் நிரப்பும் அலுவலகமாகிவிடும். 2009இல் அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் வெளியிட்ட மதிப்பீட்டு அளவுகோல்கள் நல்லவைதான். எழுத்து, பகுப்பாய்வுச் சிந்தனை, கணக்கறிவு எல்லாவற்றையும் எப்படிப் பார்ப்பது என்று தெளிவாகச் சொல்கின்றன. அவற்றை வைத்து இருபது மாணவர்களின் கட்டுரைகளை ஐந்து ஆசிரியர்கள் சேர்ந்து வாசிப்பது பயனுள்ள வேலை. ஆயிரம் வரிசை கொண்ட அட்டவணையில் எண் போடுவதால் ஒரு வகுப்பும் மாறியதை நான் கண்டதில்லை. புள்ளிவிவரத் தொகுப்பு நிர்வாக அலுவலகத்தின் வேலை என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். அறுபது எழுபது ஆசிரியர்கள் உள்ள சிறு கல்லூரியில் தனிக் குழுவே தேவையில்லை. எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், முதல் வழியின் நோய்கள் அங்கே அவ்வளவாகப் பற்றாது. மாணவர்களில் பாதிப் பேர் வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்கள் என்றால், அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்களுக்கு அந்தக் குழுவில் வாக்குரிமையோடு இடம் கொடுப்பேன். இது பல செனட்டுகளுக்குக் கசக்கும். ஆனால் மேலிருந்து வரும் கட்டளைக்கு இதைவிட நல்ல தடுப்பு எனக்குத் தெரியவில்லை. டெக்சாஸ் மாதிரி சட்டம் ஏற்கனவே கையைக் கட்டிவிட்ட இடத்தில் குழுவுக்கு அதிகாரம் குறைவுதான். அங்கேயும் ஒவ்வொரு பாடமும் எதற்காக இருக்கிறது என்று தெளிவாக எழுதி வைத்திருக்கும் குழு, ஆட்சிக் குழுவின் மறுபரிசீலனை வரும்போது வெறுங்கையோடு நிற்காது. நிரந்தரப் பணியிடங்களுக்குப் பெரிய நன்கொடையோ அரசு உத்தரவாதமோ இருந்தால் மூன்றாவது வழியை நான் தடுக்க மாட்டேன், மகிழ்ச்சியோடு அதில் வேலை செய்வேன்.

அப்புறம் குழுவில் யார் இருப்பது. வழக்கமாக ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒருவர் என்று எழுதுவார்கள். அது முதல் வழியைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவருவது. அவரவர் கல்லூரிக்குத் தூதராக வந்து உட்காருவார்கள். அதைவிட, கடந்த இரண்டு வருடங்களில் பொதுக்கல்விப் பாடம் ஒன்றையாவது நடத்தியவர்கள்தான் நிற்கலாம், மொத்த ஆசிரியர்களும் வாக்களிக்கலாம் என்று வைத்தால், வருகிறவர்கள் வேறு மாதிரி வருவார்கள். மூன்று வருடப் பதவி, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மாறும். இயக்குநராக இருப்பவருக்கு வகுப்புச் சுமையில் பாதி குறைப்பு. கல்வி ஆலோசகர் ஒருவரும் மாணவர் இருவரும் கட்டாயம்.

இன்னும் முக்கியமானது ஒப்பந்த ஆசிரியர்கள். அமெரிக்காவில் கல்லூரி ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் டென்யூர் வரிசைக்கு வெளியே இருப்பவர்கள், பொதுக்கல்வியின் முதலாண்டு வகுப்புகளில் பெரும்பகுதி அவர்கள் கையில் இருக்கிறது. எழுத்துப் பயிற்சி வகுப்பையும் அடிப்படைக் கணித வகுப்பையும் ஒரு செமஸ்டர் பார்த்தாலே தெரியும். பல செனட்டுகளில் அவர்களுக்கு வாக்கு கிடையாது, சில இடங்களில் கூட்டத்துக்கு வரக்கூட அழைப்பு கிடையாது. "எதற்கு இதைப் படிக்க வேண்டும்" என்று மாணவர் உண்மையில் கேட்பது இவர்களிடம்தான், வகுப்பு முடிந்து பையை எடுத்துக்கொண்டே. ஒன்பது பேர் குழு என்றால் மூன்று இடங்களாவது இவர்களுக்கு வேண்டும், கூட்ட நேரத்துக்கு ஊதியத்தோடு. ஊதியம் இல்லாமல் இடம் மட்டும் கொடுத்தால், வேறு வளாகத்தில் மாலை வகுப்பு எடுக்க ஓடிக்கொண்டிருப்பவர் வரமுடியாது, அந்த நாற்காலி காலியாகவே இருக்கும்.

இவை எல்லாம் செனட்டின் துணைவிதியில் ஏறிய பிறகு பாடப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். அப்போதும், ஏற்கனவே சேர்ந்த மாணவர்களுக்குத் தாங்கள் சேர்ந்த ஆண்டின் கேட்டலாக், அதாவது பட்ட விதிகளின் தொகுப்பு, பொருந்தும் என்பதால், பழைய திட்டமும் புதிய திட்டமும் நான்கைந்து வருடம் சேர்ந்தே ஓடும். அந்தக் காலம் முழுவதற்கும் ஆலோசனை அலுவலகத்தில் கூடுதலாக ஒருவரை நியமிக்கும் செலவையும் அதே தீர்மானத்தில் எழுத வேண்டும், வாக்கெடுப்புக்கு முன்பே.